பாலைச் சோதிக்கிறோம், மாட்டையும் சோதிப்போம்: மதுரை மாவட்டப் பால் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும், தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும்,



காலையும் மாலையும் நீங்கள் சங்கத்துக்குக் கொண்டுவரும் பால் சோதிக்கப்படாமல் உள்ளே போவதில்லை. கருவியில் வைத்ததும் கொழுப்பு எவ்வளவு, இதர சத்து எவ்வளவு என்று எண் வந்துவிடுகிறது. ஒரு புள்ளி இறங்கினாலும் "ஏன் டிகிரி கொறைஞ்சிருக்கு?" என்று செயலாளரிடம் கேட்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும்; அது உங்கள் கூலி. நான் கேட்பது வேறொரு கேள்வி. அந்தப் பாலைக் கொடுத்த மாட்டுக்கு நோய் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது சோதித்தீர்கள்?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் "சோதிச்சதே இல்ல" என்பதுதான். மாடு தீவனம் எடுக்காமல் படுத்த பிறகு மருத்துவரைக் கூப்பிடுகிறோம். பால் திரிந்து வந்த பிறகு மடியைப் பார்க்கிறோம். கன்று வீசிய பிறகு என்ன கோளாறு என்று யோசிக்கிறோம். நோய் நம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பக்கத்துத் தொழுவத்துக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். இந்த வரிசையை மாற்றும்படி கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். தொழுவத்திலேயே, உங்கள் கண் முன்னாலேயே, சில நிமிடங்களில் முடிந்துவிடும் நோய்ச் சோதனைகள் இன்று இருக்கின்றன. அவற்றை உங்கள் சங்கத்தின் வழக்கமாக்குங்கள். முடிவு எதுவானாலும் அதை மறைக்காதீர்கள்.

முதலில் கன்று வீச்சு நோயைச் சொல்கிறேன். புருசெல்லோசிஸ் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். செக்கானூரணிப் பக்கம் ஒரு தொழுவத்தில் நான் பார்த்தது இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. ஏழு மாதச் சினை மாடு விடியற்காலையில் கன்றை வீசிவிட்டது. நஞ்சுக்கொடி பாதி வெளியே தொங்குகிறது, மீதி விழவில்லை. வீட்டு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்கையால் செத்த கன்றைத் தூக்கிக் குப்பைக்குழியில் போட்டார். பிறகு அதே கையால் கொடியைப் பிடித்து இழுத்தார். தரையெல்லாம் நீர். பக்கத்தில் கட்டியிருந்த கிடேரி அந்த ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தது. தெருநாய் ஒன்று குப்பைக்குழிப் பக்கம் போனது. "வெயிலு சார், சூடு தாங்கல, அதான் வீசிருச்சு" என்றார் அந்த அம்மா. அவர் செய்த எதிலும் அலட்சியம் இல்லை. மாட்டைக் காப்பாற்றத்தான் பார்த்தார். அந்தக் கன்றிலும் கொடியிலும் என்ன இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த நோய் இருந்தால், வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் வடியும் நீரிலும் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் அது பல வாரம் உயிரோடு கிடக்கும். நக்கிய கிடேரிக்குப் போகும். நாய் இழுத்துப்போட்ட இடத்தில் மேயும் மாட்டுக்குப் போகும். கையில் சின்னக் கீறல் இருந்தால் மனிதருக்கும் வரும். மனிதருக்கு வந்தால் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கும். இரவில் வியர்த்துக் கொட்டும், மூட்டும் இடுப்பும் வலிக்கும், உடம்பு இளைக்கும். டைபாய்டு என்றும் மூட்டுவாதம் என்றும் பல மாதம் மருந்து சாப்பிட்டும் தீராமல் அலைகிறவர்கள் உண்டு. சரியான நோயைக் கண்டுபிடித்துவிட்டால் ஆறு வாரம் மாத்திரை எடுத்துக் குணமாகலாம். மாட்டுக்கு அந்த வழியும் கிடையாது. தொற்றிய மாட்டைக் குணப்படுத்தத் தக்க மருத்துவம் நடைமுறையில் இல்லை. அது அடுத்த ஈத்தில் கன்றை முழுதாகவே ஈன்றுவிடலாம், பாலும் கறக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். கிருமியை மட்டும் ஒவ்வொரு ஈத்திலும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும்.

நகரத்து வீடுகளில் பால் வாங்குகிறவர்கள் இதைப் படித்தால் பயப்பட வேண்டாம். காய்ச்சிய பாலில் இந்தக் கிருமி உயிரோடு இருக்காது. ஆவினில் செய்வதுபோல் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தாலே அது செத்துவிடும். காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் நம்மைக் காப்பாற்றுகிறது. ஆபத்து முதலில் உங்களுக்குத்தான். கறக்கிற கைக்கு, சாணி அள்ளுகிற கைக்கு, பேறுகாலம் பார்க்கிற கைக்கு. தொழுவத்து வேலையில் பெரும்பகுதியைப் பெண்கள் செய்வதால் பெரும்பகுதி ஆபத்தும் அவர்களுக்கே. அதனால்தான் இந்த மடலைச் சங்கத்துத் தலைவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பால் ஊற்ற வரும் ஒவ்வொரு அம்மாவுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இனி, சொல்லக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கன்று வீசிய மாட்டை நாம் என்ன செய்கிறோம்? தேற்றி, நாலு நாள் தவிடு புண்ணாக்கு போட்டு, சந்தைக்கு ஏற்றிவிடுகிறோம். மணப்பாறையோ ஒட்டன்சத்திரமோ பொள்ளாச்சியோ, எங்கே நல்ல விலை கிடைக்குமோ அங்கே. துண்டுக்கு அடியில் தரகர் கையும் வாங்குகிறவர் கையும் விரல் பிடித்து விலை முடிக்கின்றன. பல்லைப் பார்க்கிறார்கள், சுழி பார்க்கிறார்கள், மடியை அமுக்கிப் பார்க்கிறார்கள், எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்கிறார்கள். கன்று வீசியதா என்று யாரும் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. அந்த மாடு போய்ச் சேரும் வீடு யாருடையது? மகளிர் குழுவில் கடன் எடுத்து முதல் மாடு வாங்கும் ஒருத்தியின் வீடாக இருக்கலாம். தவணை கட்டத் தொடங்குவதற்குள் அவள் வீட்டு மற்ற மாடுகளுக்கும் நோய் போயிருக்கும். நீங்கள் வாங்கிவந்த மாட்டுக்கும் இப்படி ஒரு பழைய கதை இருந்திருக்கலாம். ஒருவர் இறக்கிவைத்த நட்டத்தை இன்னொருவர் சுமப்பதுதான் சந்தையில் நடக்கிறது. சுற்றிவந்து அது மறுபடி நம் தொழுவத்துக்கே வருகிறது.

விற்கிறவரைப் பொல்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். மாட்டை வைத்துத்தான் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறோம். கன்று வீசிய மாட்டை வீட்டிலேயே கட்டிப்போட்டுத் தீனி போட எல்லாராலும் முடியாது. நட்டத்துக்கு ஈடு கொடுக்க யாரும் முன்வராதபோது, உண்மையைச் சொல் என்று ஏழையிடம் மட்டும் கேட்பது நியாயமாகாது. ஆகவே, சோதனையைக் கேட்கும் இந்த மடல், சோதனையில் நோய் தெரிந்த வீட்டுக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்கிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்காது.

இப்போது சோதனைகளுக்கு வருகிறேன். இவற்றில் சிலவற்றை நீங்களே செய்யலாம். சிலவற்றைக் கால்நடை மருத்துவர் உங்கள் தொழுவத்துக்கு வந்து செய்ய வேண்டும்.

மிக எளியது வெப்பமானி. பசுவின் உடல்சூடு ஏறக்குறைய 101 முதல் 102.5 பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. தீவனம் குறைந்த அன்றே ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் காய்ச்சலா செரிமானக் கோளாறா என்று பாதி தெரிந்துவிடும். கோமாரியிலும் தோல் கழலை நோயிலும் தொண்டை அடைப்பானிலும் முதலில் வருவது காய்ச்சல்தான். கொப்புளமும் கட்டியும் வீக்கமும் பிறகுதான் வெளியே தெரியும். சங்கத்துக்கு இரண்டு வெப்பமானி வாங்கி வைப்பது ஒரு பெரிய செலவா?

அடுத்தது மடிநோய்ச் சோதனை. மடி வீங்கி, பால் திரிந்து வந்தால் எல்லாருக்கும் தெரியும். அதைவிட அதிகம் நட்டம் தருவது வெளியே தெரியாத மடிநோய். மடி மெத்தென்று இருக்கும், பால் வெள்ளையாக இருக்கும், கறவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். "தீவனம் சரியில்ல" என்று நாம் அதைத் தள்ளிவிடுவோம். 1957-இல் கலிபோர்னியாவில் உருவான ஒரு சோதனை இதைக் கண்டுபிடிக்கிறது. நாலு கிண்ணம் வைத்த ஒரு தட்டு. ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பாலைத் தனித்தனிக் கிண்ணத்தில் பீய்ச்சி, அதே அளவு மருந்துக் கரைசலை ஊற்றி, வட்டமாகச் சுழற்ற வேண்டும். சில விநாடிகளில் பால் கோழையாகத் திரண்டால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. பாலில் உள்ள வெள்ளணுக்களை அந்தக் கரைசல் உடைக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் மரபுப்பொருள் வெளியே வந்து பாலைத் திரளச் செய்கிறது. வெள்ளணு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு கெட்டியாகும். அந்த மருந்து கிடைக்காவிட்டால் துணி துவைக்கும் சலவைத்தூளை நூற்றுக்கு 3 பங்கு என்று தண்ணீரில் கரைத்தும் செய்யலாம் என்று பாகிஸ்தானின் பைசலாபாத்தில் கால்நடை மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். சோதித்த பாலைக் கேனில் ஊற்றாமல் கொட்டிவிட்டால் போதும். கறவைக்கு உட்காரும் நேரத்திலேயே இது முடிந்துவிடும்.

இந்தச் சோதனையால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தக் காம்பில் நோய் என்று தெரியாமல் கண்டபடி ஊசி போடுவது குறையும். ஆன்டிபயாட்டிக் போட்ட மாட்டின் பாலில் அந்த மருந்து சில நாள் வந்துகொண்டிருக்கும். அந்த நாள்களில் அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். தேவையில்லாத ஊசியைத் தவிர்த்தால் ஊசிச் செலவு மிச்சம், கொட்ட வேண்டிய பாலும் மிச்சம். கண்டதற்கெல்லாம் மருந்து போட்டுப் போட்டு, கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை நம் தொழுவத்தில் நாமே வளர்க்கும் ஆபத்தும் குறையும்.

கன்று வீச்சு நோய்க்கான சோதனைகள் இதற்கு அடுத்தவை. முதலாவது, பால் வளையச் சோதனை. கறந்த பாலில், சாயமேற்றிய செத்த கிருமிகள் அடங்கிய கரைசலைச் சில துளி விட்டு, 37 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். மாட்டின் உடம்பு அந்தக் கிருமியோடு போராடியிருந்தால், பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள் சாயக் கிருமிகளைப் பிடித்துக்கொண்டு ஆடையோடு மேலே ஏறும். மேலே நீல வளையம் தெரியும், கீழே பால் வெளுத்து இருக்கும். நோய் இல்லாவிட்டால் பால் முழுதும் ஒரே நிறமாக இருக்கும். இதன் பெரிய பயன் என்னவென்றால், பல மாடுகளின் பால் கலந்த கேனிலேயே இதைச் செய்யலாம். ஒரு தெருவின் பாலை ஒரே குழாயில் பார்த்துவிடலாம். வளையம் வந்தால் மட்டும் அந்தத் தெருவின் மாடுகளைத் தனித்தனியே பார்த்தால் போதும். பாலை ஒரே இடத்தில் சேர்க்கும் அமைப்பு இருந்தால்தான் இது முடியும். அந்த அமைப்பு உங்கள் சங்கம்தான். 

தனி மாட்டுக்கு, ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டும், ரோஸ் நிறக் கரைசல் ஒரு சொட்டும் கலந்து நாலு நிமிடம் அசைத்துப் பார்க்கும் ரோஸ் பெங்கால் சோதனை இருக்கிறது. துகள் துகளாகத் திரண்டால் சந்தேகம். இவை தவிர, கோவிட் காலத்தில் நீங்கள் பார்த்த பட்டை போலவே, ஒரு துளி விட்டால் கோடு விழும் சோதனைப் பட்டைகளும் மாட்டு நோய்களுக்கு வந்துவிட்டன. அவற்றில் இரண்டு கோடு விழும் இடம் உண்டு. ஒன்று பட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கான கோடு, மற்றது நோய்க்கான கோடு. முதல் கோடே விழாவிட்டால் அந்தப் பட்டையை நம்பக் கூடாது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், பைக் பெட்டியில் கிடந்து வெந்த பட்டை ஒன்றுக்கும் உதவாது. குளிர்ந்த இடத்தில் வைத்து எடுத்துவரச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இந்தச் சோதனைகளுக்கு எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கன்று வீசிய உடனே எடுத்த ரத்தத்தில் சில மாட்டுக்கு நோய் தெரியாமல் போகலாம். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மடிநோய் உள்ள மாட்டின் பாலும், சீம்பாலும், வற்றும் தறுவாயில் கறக்கும் பாலும் வளையச் சோதனையில் பொய்யாக வளையம் காட்டலாம். கன்றாக இருக்கும்போது தடுப்பூசி போட்ட கிடேரிக்கும் சில காலம் ரத்தச் சோதனையில் கோடு விழலாம். எனவே தொழுவச் சோதனை தருவது முதல் எச்சரிக்கைதான். அதன் பிறகு ஆய்வகத்தில் எலைசா சோதனை செய்து உறுதிப்படுத்தும்வரை எந்த மாட்டையும் யாரும் நோய் மாடு என்று முத்திரை குத்தக் கூடாது. ஆனால் முடிவு வரும்வரை அந்த மாட்டைத் தனியாகக் கட்டலாம், ஈரத்தில் கை வைக்காமல் இருக்கலாம், சந்தைக்கு ஏற்றாமல் இருக்கலாம். மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பும் நாள்களில்தான் நோய் தெரு தாண்டுகிறது. தொழுவச் சோதனை நமக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது அந்த நாள்களைத்தான்.

உங்களில் பலர் சொல்லும் மறுப்புகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். "மாட்டச் சோதிச்சா ஊருல பேரு கெட்டுரும்" என்பது முதலாவது. உங்களிடம் திருப்பிக் கேட்கிறேன். தை முதல் நாள் அவனியாபுரத்திலும், மறுநாள் பாலமேட்டிலும், அதற்கடுத்த நாள் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்குப் போகும் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர் பார்த்துத் தகுதி சொன்ன பிறகுதானே உள்ளே விடுகிறார்கள்? காளையைச் சோதிக்க நிறுத்துவதை எந்தக் காளைக்காரராவது அவமானம் என்று நினைத்தாரா? சான்றிதழைப் பத்திரமாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறோம். வருடம் முழுக்க நம் அடுப்பை எரியவைக்கும் கறவை மாட்டுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் இல்லை? எல்லா மாட்டையும் சோதித்தால் யார் பேரும் கெடாது. ஒரு வீட்டு மாட்டை மட்டும் தனியாகச் சோதித்தால்தான் ஊர் பேசும். அதனால்தான் இது தனி வீட்டு முடிவாக இல்லாமல் சங்கத்து முடிவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

"அரசாங்கம் ஊசி போடுதே, அது போதாதா?" என்பது இரண்டாவது. ஊசி அவசியம், அதை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் 2025-க்குள் கட்டுப்படுத்தி 2030-க்குள் ஒழிப்பது என்று 2019 செப்டம்பரில் மத்திய அரசு 12,652 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கன்று வீச்சு ஊசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை. அந்த வயதைத் தாண்டிய மாட்டுக்கு அந்தத் திட்டத்தில் ஊசி கிடையாது, ஏற்கெனவே தொற்றிய மாட்டுக்கு அந்த ஊசி உதவாது. இன்று உங்கள் தொழுவத்தில் கறந்துகொண்டிருக்கும் மாட்டின் நிலை என்ன என்பதைச் சோதனை மட்டுமே சொல்லும். காதில் தொங்கும் மஞ்சள் வில்லையின் 12 இலக்க எண்ணோடு ஊசி போட்ட தேதியும் பதிவாகியிருந்தால்தான் சோதனையில் விழும் கோடு நோயாலா ஊசியாலா என்று பிரித்தறிய முடியும். வில்லையைக் கழற்றிப் போடாதீர்கள்.

"இதெல்லாம் ஒழியிற நோயா?" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு வெக்கை நோயை நினைவுபடுத்துகிறேன். உங்கள் தாத்தா பாட்டி காலத்தில் ஊரோடு மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. இந்தியாவில் அது கடைசியாகக் காணப்பட்டது நம் தமிழ்நாட்டில்தான், 1995-இல், வட ஆர்க்காட்டுப் பக்கம். 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகமும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. மனிதன் உலகத்திலிருந்தே ஒழித்துக்கட்டிய நோய்கள் இரண்டுதான்: பெரியம்மையும் மாட்டு வெக்கையும். தடுப்பூசி அதைச் சாதித்தது, ஆனால் தனியாகச் சாதிக்கவில்லை. நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப்போய்க் கண்டுபிடித்தார்கள். மாட்டின் கண்ணீரைப் பஞ்சில் எடுத்துத் தொழுவத்திலேயே பார்க்கும் பட்டைச் சோதனையை இங்கிலாந்தின் பிர்பிரைட் ஆய்வகம் உருவாக்கியது. பாகிஸ்தானில் அது களத்தில் பயன்பட்டது. எங்கள் ஊரில் மாடு சாகிறது என்று துணிந்து சொன்ன மாட்டுக்காரர்கள் இல்லாமல் எந்த ஆய்வகமும் அந்த நோயை ஒழித்திருக்க முடியாது.

இனி என் வேண்டுகோள். உங்கள் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுங்கள்.

மாதம் ஒரு முறை ஒவ்வொரு கறவை மாட்டுக்கும் மடிநோய்ச் சோதனை. சங்கத்தில் படித்த இளைஞர்களும் பெண்களும் இருக்கிறார்கள், இரண்டு பேரைப் பழக்கினால் போதும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் திருப்பரங்குன்றத்தில் இருக்கிறது. சங்கமாகப் போய்ப் பயிற்சி கேளுங்கள். தனி ஆளாகக் கேட்பதற்கும் சங்கமாகக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை சங்கத்துப் பாலில் வளையச் சோதனை செய்யும்படி மாவட்ட ஒன்றியத்தையும் கால்நடை பராமரிப்புத் துறையையும் எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருப்பதே இதற்காகத்தான். வளையம் வந்த தெருவில் மாட்டுக்கு மாடு ரத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். அன்று மாட்டைக் காட்டுக்கு ஓட்டிவிட்டு "வீட்டுல இல்ல" என்று சொல்லாதீர்கள்.

சந்தையிலிருந்து புது மாடு வந்தால், சோதித்து முடிவு தெரியும்வரை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் குறைந்தது மூன்று வாரம் தனியே கட்டுங்கள். தனித் தண்ணீர்த் தொட்டி வையுங்கள், அந்த மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கண்மாய்க்கு மேய விடாதீர்கள். எல்லா வீட்டு மாடும் தண்ணீர் குடிக்கும் இடம் அது.

கன்று வீசினால் அன்றே மருந்தகத்துக்கோ 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கோ சொல்லுங்கள். தொற்றுநோய்ச் சந்தேகத்தைத் தெரிவிக்க வேண்டியது மாட்டுக்காரரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமே சொல்கிறது. வீசிய கன்றையும் கொடியையும் கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டிக்கொண்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மூக்கிலும் வாயிலும் ரத்தம் வடிந்து திடீரென்று செத்த மாட்டை மட்டும் தொடவே தொடாதீர்கள், அறுக்காதீர்கள். அது அடைப்பானாக இருக்கலாம். மருத்துவர் வரும்வரை காத்திருங்கள். விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், "நான் மாடு வச்சிருக்கேன், கன்னு வீசுச்சு" என்று உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

நோய் உறுதியான மாட்டைச் சொல்லாமல் விற்கக் கூடாது என்று சங்கத்திலேயே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். அதோடு, அப்படிப்பட்ட வீட்டுக்கு உதவச் சங்கத்து லாபத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். காப்பீட்டில் அந்த மாட்டைச் சேர்க்க முடியுமா என்று ஒன்றியத்திடம் கேளுங்கள். ஈடு கொடுக்க ஒரு வழி செய் என்று அரசிடம் ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் அனுப்புங்கள். ஒரு சங்கம் அனுப்பினால் அது மனு. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பேரையூரிலிருந்தும் சேர்ந்து போனால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தலைவர்களே, செயலாளர்களே, பாலின் தரத்துக்குக் கருவி வாங்க முடிந்த சங்கத்தால் மாட்டின் உடல்நலத்துக்கு ஒரு தட்டும் ஒரு கரைசலும் வாங்க முடியும். உறுப்பினர்களே, அவர்கள் தாமாகச் செய்யாவிட்டால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சங்கம் உங்களுடையது.

மறைத்த நோய் ஒருநாளும் ஒரே தொழுவத்தில் நிற்பதில்லை. அடுத்த கறவையிலேயே முதல் மாட்டின் நாலு காம்பையும் சோதித்துப் பாருங்கள். அடுத்த கூட்டத்திலேயே தீர்மானத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தொழுவங்களில் உங்களோடு நின்ற ஒரு கால்நடை மருத்துவர்